விடு என்று சொன்னது யார்

"மாத்திரையப் போட்டியா?"

கணவன் இதைக் கேட்பது அன்று காலையில் நாலாவது தடவை. போனில் மூன்று, நேரில் ஒன்று. பேக்கரியில் மாவு பிசைகிற வேலை அவனுக்கு. விடியுமுன் போய் ஒன்பது மணிக்குத் திரும்பும்போது புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும். இன்று கையைக்கூடக் கழுவாமல் நேரே சமையல் மேடைக்கு வந்து அட்டையை எடுத்துப் பார்த்தான். பத்து மாத்திரையும் பத்திரமாக இருந்தன.

"ஏன் இன்னும் போடல? பதினோரு மணிக்கு விசாரணை. ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?"

"தேவைப்பட்டா போடுங்கன்னுதான் சொன்னாங்க."

"உனக்குத் தேவைப்படாம வேற யாருக்குத் தேவைப்படும்? எனக்கா?"

அவன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நாற்பது நாளாக அவள் தூங்கவில்லை. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் இங்கே சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு எதற்காக அடுப்பருகே நிற்கிறோம் என்று யோசிக்கிறாள். அதே சமயம், மறக்க வேண்டியது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. இரும்புக் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து விழும் சத்தம் குளிக்கும்போதும் வருகிறது, சாப்பிடும்போதும் வருகிறது, கூப்பிடாத விருந்தாளி மாதிரி நடுவீட்டில் உட்கார்ந்துகொள்கிறது.

அவள் வேலை கிரேனுக்குச் சைகை காட்டுவது. அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும் இடத்தில் கீழே நின்றுகொண்டு, உயரத்தில் கூண்டுக்குள் இருக்கும் ஓட்டுநருக்கு வாக்கிடாக்கியில் வழி சொல்ல வேண்டும். வாக்கிடாக்கி வருவதற்கு முன்னால் விசில் வைத்திருந்தாள். விசில் போனது, பெயர் போகவில்லை. வேலையிடத்தில் அவள் எல்லோருக்கும் 'விசில் அக்கா'. ஓட்டுநருக்கு 'மேல்வீட்டுக்காரர்' என்று பெயர். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார், வாடகை தராத மேல்வீடு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆறு வருஷமாக அவள் குரல் அவருக்குக் கண், அவர் கை அவளுக்குக் கை.

இருவருக்கும் நடுவே மூன்றே சொற்கள் போதும். 'ஏத்து' என்றால் தூக்கு. 'இரு' என்றால் அப்படியே நிறுத்து. 'விடு' என்றால் கயிற்றைத் தளர்த்திச் சுமையை இறக்கு.

நாற்பது நாளுக்கு முன் ஒரு முற்பகலில், தலை உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்த கம்பிக் கட்டு இறங்கியது. ஒரு முனை பலகையில் இடித்துச் சரிந்து, கம்பி கட்டும் தொழிலாளி ஒருவரின் காலை நசுக்கிவிட்டது. தலையிலும் அடி. அவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கேட்டால் எதுவும் ஞாபகமில்லை என்கிறார். விசில் அக்கா 'விடு' என்றாள், அதனால்தான் இறக்கினேன் என்கிறார் மேல்வீட்டுக்காரர். கிரேனில் இருக்கும் கருவி அசைவுகளை மட்டும் பதியும், பேச்சைப் பதியாது. சுமை நின்றதற்கும் விழுந்ததற்கும் நடுவே எட்டு விநாடி என்று அது சொல்கிறது.

அந்த எட்டு விநாடி அவள் தலைக்குள் இல்லை. முன்னால் நடந்தது இருக்கிறது, பின்னால் நடந்தது இருக்கிறது, நடுவில் யாரோ துணியால் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்று அவள் 'நான் சொல்லவில்லை' என்றால் அவருடைய உரிமம் போகும். 'சொன்னேன்' என்றால் இவளுடைய வேலை போகும், அதற்கு மேலும் ஏதாவது வரலாம். கணவனின் கணக்கு எளிமையானது.

"நீ சொன்னேன்னு அவருகிட்ட ஆதாரம் இருக்கா? இல்ல. உனக்கு ஞாபகம் இருக்கா? அதுவும் இல்ல. அப்போ சொல்லலன்னு சொல்றதுல என்ன பொய்?"

"தெரியாததத் தெரியும்னு சொல்றது பொய் இல்லாம வேற என்னங்க?"

அவன் தம்ளரில் தண்ணீர் பிடித்து நீட்டினான். அவள் வாங்கிக் குடித்தாள். மாத்திரையைத் தொடவில்லை.

"வேணாங்க. பயம் இருக்கட்டும். பயந்தாத்தான் எனக்கு வருமோ என்னவோ."

அவன் தம்ளரை வாங்கி மேடைமேல் வைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "வந்துடக் கூடாதேன்னுதான் நான் பயந்துக்கிட்டு இருக்கேன்."

இத்தனை நாளும் ஆறுதல் சொன்னவன், உள்ளுக்குள் அவள்தான் சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே ஆறுதல் சொல்லியிருக்கிறான். அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்பட என்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

பயந்தால் ஞாபகம் வரும் என்கிற எண்ணம் அவளுக்கு வானத்திலிருந்து குதிக்கவில்லை. அவள் போகும் மனநல மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடக்கிறது. அதில் சேர்ந்தவர்கள் நாளுக்கு மூன்று முறை ஒரு பஞ்சைக் கடித்து, எச்சில் ஊறியதும் குழாயில் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும். பிறகு ஒரு தாளில் இருக்கும் சொற்களைப் படித்து, மறுநாள் எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

"என் எச்சில வச்சு என்ன டாக்டர் பண்ணப் போறீங்க?" என்று முதல் நாளே கேட்டாள்.

டாக்டரம்மா சிரித்தார். "அதுல கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் எவ்வளவு இருக்குன்னு பாப்போம். மனசு நெருக்கடியில இருந்தா சிறுநீரகத்துக்கு மேல இருக்கிற சுரப்பி அத ரத்தத்துல அனுப்பும். பரீட்சை எழுதப் போன பிள்ளைக்குப் படிச்சது எல்லாம் மறந்து போறதில்ல? அந்த ஹார்மோன் ஏறுனா, பெரும்பாலான பேருக்கு உள்ள இருக்கிறத வெளிய எடுக்க முடியாது. ஞாபகம் அழியல, கைக்கு எட்டல, அவ்வளவுதான்."

"எனக்கும் அதேதானா?"

"அதுதான் சுவாரசியம். மனச்சோர்வு இருக்கிறவங்களுக்கு அந்த ஹார்மோனக் கொடுத்துப் பாத்தா பெருசா மாற்றமே தெரியல. உங்கள மாதிரி, அதிர்ச்சிக்கு அப்புறம் கோளாறு வந்தவங்கள்ல சில ஆய்வுகள்ல தலைகீழா வந்திருக்கு. ஹார்மோன் ஏறுனப்போ ஞாபகம் நல்லா வந்திருக்கு. ஆனா எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லல. அதுவும் வெறும் வார்த்தைப் பட்டியல்தான். உங்க எட்டு விநாடிக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

"அப்போ நான் நல்லாப் பயந்தா வருமா டாக்டர்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அப்படி வலியப் போய்ப் பயந்துக்காதீங்க. உடம்பு படபடத்தா போட்டுக்க ஒரு மாத்திரை தரேன். அது நடுக்கத்த அடக்கும், ஞாபகத்தக் கொண்டுவராது. இன்னொண்ணு. ஏதாவது வந்தாலும், வந்ததெல்லாம் நடந்ததுன்னு முடிவு கட்டிடாதீங்க. பயம் கதையும் கட்டும்."

கடைசி வாக்கியத்தை மட்டும் அவள் ஆய்வுச் சொற்பட்டியல் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பயம் கதையும் கட்டும்.

வேலையிடத்து அலுவலகம் ஓர் இரும்புப் பெட்டி அறை. சன்னல் வழியாகக் கிரேன் தெரிந்தது. நாற்பது நாளாக அசையாமல் நிற்கிறது. கணவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே போகுமுன் அவன் அவள் கையைப் பிடித்து, "மூணே வார்த்தை. நான் அப்படிச் சொல்லல. வந்துடு," என்றான்.

மேசைக்கு அந்தப் பக்கம் விசாரணை அதிகாரி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பவர், துடைத்து முடித்ததும் மூக்கில் போடாமல் நெற்றியில் ஏற்றிக்கொள்பவர். அவர் பக்கத்தில் பாதுகாப்பு மேலாளர். அவருடைய வெள்ளை ஹெல்மெட் மேசைமேல் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளத்தது. வெயிலில் நிற்காத ஹெல்மெட் பின்னே எப்படி இருக்கும்? சுவரோரம் மேல்வீட்டுக்காரர். தாடி வளர்ந்து, தோள் கூனி, தரையில் நிற்கவே பழக்கமில்லாதவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கடைசி நாற்காலியில் ஒரு பெண், மடியில் சாப்பாட்டு டப்பாவை இறுகப் பிடித்திருந்தாள். காயப்பட்டவருடைய மனைவி என்று அதிகாரி அறிமுகம் செய்தபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாம்மா தங்கச்சி," என்றார் மேல்வீட்டுக்காரர், வழக்கம்போல. சொன்ன பிறகு சொல்லியிருக்கக் கூடாதோ என்று வாயை மூடிக்கொண்டார்.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "ஐயா, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இவங்க மனநல சிகிச்சையில இருக்காங்க. மருத்துவச் சான்றிதழ் ஃபைல்ல இருக்கு. நான் குறையாச் சொல்லல. ஆனா இவங்க என்ன சொன்னாலும் அத மனசுல வச்சுக்கணும்."

"வச்சுக்கிறேன்," என்றார் அதிகாரி. "சொல்லுங்கம்மா. 'விடு'ன்னு நீங்க சொன்னீங்களா, இல்லையா?"

நெஞ்சு அடித்த அடி காதில் கேட்டது. மூன்று வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது, துப்பினால் முடிந்தது. எதிரே அந்தத் தாடி.

"ஞாபகம் இல்ல சார்."

மேலாளர் சிரித்தது மாதிரி மூச்சுவிட்டார். அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு வாக்கிடாக்கிகளை எடுத்து வைத்தார். அன்றைக்கு இருவரும் வைத்திருந்தவை. ஒன்றின் மூலையில் உடைந்த இடத்தில் அவள் ஒட்டிய கறுப்பு டேப் அப்படியே இருந்தது.

"கருவியில கோளாறு இருக்கான்னு பாக்கணும். ஓட்டுநர் அடுத்த அறைக்குப் போங்க. அம்மா, நீங்க கிரேனுக்குச் சொல்ற மூணு வார்த்தையும் சொல்லுங்க. அவருக்கு என்ன கேக்குதுன்னு அவர் எழுதட்டும்."

மேல்வீட்டுக்காரர் எழுந்து, ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அவள் வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தாள். நாற்பது நாளுக்குப் பிறகு அதன் கனம். கட்டைவிரல் தானாகப் பொத்தானைத் தேடிப் போயிற்று. 'ஏத்து' என்றாள். குரல் பிசிறடித்தது. விரலை எடுத்து, மறுபடி அழுத்தினாள். 'இரு' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

சொல் வரவில்லை. கால் நடுங்கியது. எங்கோ ஒரு லாரி பின்பக்கப் பலகையைப் படாரென்று போட்டது. இரும்புச் சத்தம். உடம்பு முழுக்க வெந்நீர் ஊற்றியது போல் ஒரு சூடு ஏறி இறங்கியது. மாத்திரை போட்டிருக்கலாம், வெளியே ஓடிவிடலாம், புருஷன் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

"என்னம்மா, தண்ணி வேணுமா?"

அவளுக்குக் கேட்கவில்லை. விரல் பொத்தானில் இருந்தது. அன்றைக்கும் இதே விரல், இதே பொத்தான். 'இரு' என்று சொல்ல அழுத்தினாள். ஏன் 'இரு'? ஏனென்றால் பக்கத்தில் யாரோ ஏதோ கேட்டார்கள். யார்? கிழிந்த கையுறை. கையுறை கம்பிக் கட்டைக் காட்டியது. காங்கிரீட் லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, மேஸ்திரி சீக்கிரம் சீக்கிரம் என்று மூச்சுக்கு முந்நூறு தடவை கத்திக்கொண்டிருந்தார். அவள் பொத்தானை அழுத்தியபடியே தலையைத் திருப்பி, கையுறைக்காரருக்குப் பதில் சொன்னாள்.

வாக்கிடாக்கியை மேசைமேல் வைத்தாள். வைத்தாளா போட்டாளா தெரியாது, மேலாளரின் ஹெல்மெட் உருண்டு கீழே விழுந்தது.

"நான்தான் சொன்னேன் சார்."

அடுத்த அறையிலிருந்து மேல்வீட்டுக்காரர் ஓடிவந்து கதவோரம் நின்றார்.

"ஆனா இவருகிட்ட சொல்லல. அடிபட்ட கம்பிக்காரரு என் பக்கத்துல வந்து, 'கட்டு ஒரு பக்கம் தளந்திருக்குக்கா, அவுத்துக் கட்டவா'ன்னு கேட்டாரு. 'இரு'ன்னு சொல்லி, நின்ன கட்ட அப்படியே நிறுத்தி வைக்கலாம்னு பொத்தான அழுத்தினேன். அதுக்குள்ள லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். நேரமில்லன்னு நினைச்சு அவரு பக்கம் திரும்பி, 'விடு, மேல போய்ப் பாத்துக்கலாம்'னு சொன்னேன். 'விடு'ங்கிற வரைக்கும் விரல் பொத்தான்லதான் இருந்துச்சு. அப்புறம் எடுத்துட்டேன். இவருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் கேட்டிருக்கு. விடுன்னா இறக்குன்னு இறக்கிட்டாரு."

மேல்வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நாற்பது நாளாகத் தன் காதையே நம்ப முடியாமல் இருந்த மனிதர் அவர். அவர் அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது, பார்க்க முடியவில்லை.

மேலாளர் குனிந்து ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டினார். "ஐயா, மன்னிக்கணும். நாப்பது நாளா ஞாபகம் இல்லாதவங்களுக்கு, இந்த அஞ்சு நிமிஷத்துல, லாரி ஹாரன் வரைக்கும் ஞாபகம் வந்துடுச்சாம். அதுவும் உடம்பெல்லாம் நடுங்கிக்கிட்டு. இது வாக்குமூலமா, வியாதியா? ஆறு வருஷப் பழக்கம், அண்ணன் தங்கச்சி உறவு. அவரக் காப்பாத்த மனசு கட்டுன கதையா இருக்கலாம் இல்லையா?"

அதிகாரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "அம்மா, அவர் கேக்கறதுக்கு என்ன சொல்றீங்க?"

இதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் சந்தோஷமாக எழுதிக்கொண்டிருப்பார்கள். உண்மை வந்து நிற்கிறது, அடையாளச் சீட்டு எங்கே என்று கேட்கிறார்கள். அதைவிடக் கொடுமை, மேலாளர் கேட்பது நியாயமான கேள்வி. டாக்டரம்மாவும் அதைத்தானே சொன்னார்? கையுறையின் கிழிசல் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. நிற்பதாலேயே அது நடந்ததாகிவிடுமா? வெளியே கணவன் எழுந்து நின்று சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான், வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டியபடி.

"தெரியல சார்," என்றாள். "எனக்கு வந்தது இதுதான். இது நிஜம்னு என்னால சத்தியம் பண்ண முடியல. ஆனா மறைக்கவும் முடியல."

அதிகாரி பேனாவை எடுத்தார், எழுதாமல் வைத்தார். "அப்போ இத எந்தக் கணக்குல..."

"என்ன கேட்டாருன்னு சொன்னீங்க?"

கடைசி நாற்காலியிலிருந்து வந்த குரல். அந்த அறையில் அந்தப் பெண் அதுவரை ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு என்ன கேட்டாருன்னு சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க."

"'அவுத்துக் கட்டவா'ன்னு."

டப்பா அவள் மடியிலிருந்து நழுவியது, பிடிக்கவில்லை.

"நெனவு வந்த நாள்லேருந்து தூக்கத்துல அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்காரு," என்றாள். "'அவுத்துக் கட்டவா, அவுத்துக் கட்டவா'ன்னு. கால்ல போட்டிருக்கிற கட்டச் சொல்றாருன்னு நாங்க நெனச்சோம். வலிக்குது போலன்னு நர்ஸம்மாகிட்டப் போய்ச் சொன்னேன். அவங்க சீட்டுலயே எழுதி வச்சிருக்காங்க, நோயாளி கட்ட அவுக்கச் சொல்றாருன்னு. மூணு தரம் அவுத்துக் கட்டியும் விட்டாங்க. அப்பவும் நிக்கல."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "அந்தச் சீட்டு எந்தத் தேதியிலிருந்து இருக்கும்மா?"

"இருக்கும் சார், முப்பது நாளுக்கு மேல. போய்ப் பாத்துக்குங்க." அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. விசில் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா என்னவென்று சொல்ல முடியாத முகம். "அவரு கேக்கும்போதெல்லாம் நெத்தியத் தடவி, 'விடுங்க, விடுங்க'ன்னுதான் சொல்லுவேன். நான் அப்படிச் சொன்னதும் தூக்கிவாரிப் போட்டு எந்திரிப்பாரு. வேர்த்து ஊத்தும். ஏன்னு இத்தன நாளும் எனக்குத் தெரியல."

விசில் அக்கா சொன்ன அந்தச் சொல் அந்த மனிதரின் காலோடு நின்றிருக்கவில்லை, இரவும் பகலும் கட்டின மனைவி வாயாலேயே அவர்மேல் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. வேலை போகும் என்கிற பயம் அப்போது அவளுக்கு இல்லை. எத்தனை பெரிய பயமாக அது இருந்தது என்பதே மறந்து போயிற்று.

அதிகாரி எழுதத் தொடங்கினார். மேல்வீட்டுக்காரர் கீழே கிடந்த டப்பாவை எடுத்து அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"இனிமே அவரு கேட்டா நான் என்னன்னு பதில் சொல்றது?" என்று கேட்டாள்.

"நீங்க சொல்லாதீங்கம்மா," என்றாள் விசில் அக்கா. "என்னக் கூட்டிட்டுப் போங்க. 'அவுத்துக் கட்டு'ன்னு நான் சொல்லணும்."